பனிக்காலத்துப் புலி

சித்திரை மாதத்தில் மதுரையில் ஐஸ் கட்டி வாங்குகிறவர்கள் அதை மரத்தூளில் புதைத்து வைக்க வேண்டும். கோணிச் சாக்கைச் சுற்றினாலே போதும் என்று ஐஸ் கம்பெனிக்காரன் சொல்வான், நம்பாதீர்கள். சாக்கு சுற்றிய கட்டி மத்தியானத்துக்குள் பாதியாகிவிடும். மீதிப் பாதிக்கு அவனிடமே திரும்பப் போக வேண்டும். அவன் வேறு எதற்காக அந்த யோசனையைச் சொல்கிறான்? மரத்தூள் போட்டால் சாயங்காலம் வரை தாங்கும்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி, இன்ஸ்பெக்டர் ஐயா. ஜலால் செத்துப்போனது எனக்கு எப்போது தெரியும் என்று. ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் கடை ஏறியவுடனே விலையைச் சொல்லிவிடுகிறவனை என் வீட்டில் பைத்தியக்காரன் என்பார்கள். முதலில் சரக்கைப் பாருங்கள். பிறகு விலைக்கு வருவோம்.

என் பெயர் சோணைமுத்து. வாடிப்பட்டிப் பக்கம். அப்பா மாட்டுத் தரகர். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாங்குகிறவன் கை, தரகன் கை, இரண்டையும் ஒரு துண்டு மூடும். துண்டுக்குள் விரல்கள் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அத்தனை கேட்கிறான் என்று அர்த்தம். சம்மதமில்லாதவன் கையை உருவிக்கொள்வான். உருவாத கை சம்மதித்த கை. நான் முழுசாகக் கற்ற கல்வி அது ஒன்றுதான். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்பிலேயே என்னிடமிருந்து கையை உருவிக்கொண்டது.

மதுரையில் ஏலச் சாமான் கடை வைத்தேன். துரைமார்கள் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போகும் நாற்காலி, கண்ணாடி, குழந்தைத் தொட்டில் எல்லாம் என்னிடம் வரும். போன மாசியில் ஒரு என்ஜினீயர் துரை வீட்டு ஏலத்தில், பாடம் பண்ணிய சிறுத்தை ஒன்றும் ஒரு பெட்டி இங்கிலீஷ் புத்தகங்களும் எடுத்தேன். சிறுத்தைக்கு ஒரு கண் இல்லை. புத்தகங்களுக்கு என்ன இல்லை என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் இல்லை. அதற்குத்தான் கண்ணுச்சாமி வாத்தியார் இருந்தார். தினம் சாயங்காலம் கடைக்கு வந்து, நின்றபடியே படித்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போகிறவர்.

ஒருநாள் ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். வெள்ளை வெளேரென்று பனி. அதன் நடுவில் ஒரு மிருகம். மேல்வாயிலிருந்து இரண்டு பல் கத்தி மாதிரி தொங்கின.

“இது என்ன புலி சார்?”

“புலின்னு சொல்லாதீங்க சோணைமுத்து. புலிக்கும் இதுக்கும் பங்காளி மொறைகூடக் கெடையாது. பூனைச் சாதியில தனியாப் பிரிஞ்சு போன கிளை. பல்லு மட்டும் கிட்டத்தட்ட ஒரு சாண். ஐஸ் ஏஜ்ல இருந்துச்சு. அழிஞ்சு பத்தாயிரம் வருஷமாச்சு.”

“ஐஸ் ஏஜ்னா?”

“பனிக்காலம்னு வச்சுக்கங்களேன்.”

வச்சுக்கங்க என்றார், வைத்துக்கொண்டேன். என் கஷ்டகாலம் அந்த வார்த்தையில் ஆரம்பித்தது.

இன்னொன்றும் சொன்னார். அமெரிக்காவில் தார் ஊறும் குட்டைகள் இருக்கின்றனவாம். ஏதாவது ஒரு மாடோ குதிரையோ அதில் கால் வைத்து மாட்டிக்கொண்டு கத்தும். கத்தல் கேட்டு இந்தப் பூனை ஓடி வரும், ஓடாமல் துரத்தாமல் ஒரு சாப்பாடு கிடைத்தது என்று. வந்ததும் தாரில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிச் செத்தவற்றின் எலும்பு ஆயிரக்கணக்கில் கிடைத்ததாம்.

“அம்புட்டுப் பெரிய பல்லு இருந்து என்ன சார், கொஞ்சங்கூடப் புத்தி இல்லையே” என்று சிரித்தேன். வாத்தியார் என்னை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இலவசமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். இலவசமாக வருவதற்கு நான் மதிப்புக் கொடுத்ததில்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு வைகை மணலில், பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு கூடாரம் போட்டேன். சிறுத்தைக்கு மாட்டுக் கொம்பைச் சீவி இரண்டு பல் வைத்தேன். வாசலில் போர்டு: ‘பத்தாயிரம் வருஷத்துக்கு முந்திய பனிக்காலத்துப் புலி. பார்வைக்கு ஓரணா.’ வாசலில் டிக்கெட் கிழிக்கச் சுந்தரம்மாள் உட்கார்ந்தாள். காய்கறிச் சந்தையில் இருபது வருஷம் கடை போட்ட பெண். ஓசியில் உள்ளே நுழைய எமனாலும் முடியாது.

முதல் நாள் வந்த கூட்டம் போர்டைப் படித்தது, என்னையும் படித்தது.

“பனிக்காலம்னா மார்கழிதானே? மார்கழிப் புலிக்குச் சித்திரையில என்ன சோலி?”

“அதான, நாங்க வருஷா வருஷம் மார்கழிப் பனியிலதான் எந்திரிச்சு வாசத் தெளிக்கிறோம். ஒரு புலியும் வந்து கோலத்த மிதிக்கலையே!” என்று ஒரு அம்மாள் கேட்டாள். கூடாரமே சிரித்தது. சிறுத்தையின் ஒற்றைக் கண்கூடச் சிரித்த மாதிரி இருந்தது.

வாத்தியாரிடம் போனேன். “பனியுகம்னு மாத்துங்க” என்றார். யுகம் என்று போட்டால் கதாகாலட்சேபம் என்று நினைத்துக் கிழவிகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், எழுப்ப முடியாது. தவிர, போர்டு எழுதினவன் ஊருக்குப் போய்விட்டான். வார்த்தையை மாற்ற முடியாவிட்டால் வார்த்தைக்கு அர்த்தத்தை வரவழைக்க வேண்டும். மார்கழிப் பனியல்ல, உறைந்த பனி என்று ஜனங்களுக்குக் காட்ட வேண்டும். எங்கோ வடக்கே ஐஸுக்குள் உறைந்த யானை முழுசாகக் கிடைத்தது என்று வாத்தியாரே சொல்லியிருக்கிறார். யானை உறையலாம், புலி உறையக் கூடாதா?

ஐஸ் பாளங்களுக்கு நடுவில் சிறுத்தையைக் கிடத்தினேன். கூட்டம் அள்ளியது. பாதிப்பேர் புலிக்காக வந்தார்கள், பாதிப்பேர் குளுமைக்காக. ஆனால் உருகிய தண்ணீர் ஊறி, மூன்று மணி நேரத்தில் சிறுத்தையின் ரோமம் கொத்துக் கொத்தாகக் கழன்றது. உள்ளே அடைத்திருந்த வைக்கோல் நாறியது. சாயங்காலம் பார்த்தால் அது பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்த மாதிரியே இருந்தது; அதுதான் பிரச்சினை. ஓரணா கொடுக்கிறவன் நிஜத்தைப் பார்க்க வருவதில்லை.

ஜலாலை அப்படித்தான் தேடிப் போனேன். கோரிப்பாளையத்தில் தோல் மண்டியில் வேலை பார்த்தவன். மொஹரத்துக்குப் புலிவேஷம் கட்டுவான். மகள் விஷக் காய்ச்சலில் பிழைத்ததற்கு நேர்த்திக்கடன். வேஷம் கட்டினால் முதுகுத் தசை தனியாக நடக்கும். அந்த வருஷம் மொஹரம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. காது மடலில் மஞ்சள் பெயிண்ட் இன்னும் மிச்சம் இருந்தது. மண்டியில் வேலை குறைந்திருந்த சமயம். வாரேன் என்றான்.

வாலில் மட்டும் தகராறு. அந்தப் பூனைக்குக் குட்டை வால் என்று புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன்.

“வால்ல கைய வைக்காதீங்கண்ணே. வாலு இல்லாத புலிய எங்க தெருவுல நாயிகூட மதிக்காது.”

“இது வேற புலி ஜலால்.”

“எந்தப் புலியா இருந்தாலும் கட்டுறது நான்தானே?”

வாலை விட்டுக்கொடுத்தேன். பேரத்தில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் எதிராளி அடுத்ததில் இளகுவான்.

அடுத்தது பெட்டி. ஆள் நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி. தரையில் மரத்தூள். ஜலால் ஜனங்கள் பக்கம் முகம் வைத்து ஒருக்களித்துப் படுப்பான். அவனுக்கு முன்னாலும் மேலேயும் ஐஸ் பாளங்கள். கலங்கிய கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல், மஞ்சளும் கறுப்பும் இரண்டு பல்லும் தெரியும். பெட்டியின் பின்பக்கம் கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். அதற்குப் பக்கத்தில் நான் முக்காலி போட்டு உட்கார்ந்து ஜனங்களிடம் கதை சொல்வேன். என் இடது கை துண்டுக்கு அடியில், துவாரம் வழியாக வெளியே நீண்டிருக்கும் ஜலாலின் கையைப் பிடித்திருக்கும். தோல் மண்டியிலும் துண்டு போட்டுத்தான் பேரம், அவனுக்கும் விரல் பாஷை தெரியும். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ, இன்னும் அத்தனை காட்சி. கையை மூடினால், போதும், வெளியே எடு. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் அவன் வெளியே வந்து, மணலில் வெயில் காய்ந்து, உடம்பு சூடானபிறகுதான் உள்ளே போக வேண்டும் என்று பேச்சு. நியாயமான பேச்சு. நானே பேசியது.

இரண்டு நாள் பிரமாதம். மூன்றாம் நாள் முன்வரிசையில் நின்ற ஒரு குறும்பன் கண்டுபிடித்துவிட்டான்.

“யோவ், பத்தாயிரம் வருஷமாச் செத்துக் கெடக்குற புலி ஏன்யா நடுங்குது?”

“முறைக்காய்ச்சலா இருக்கும். கொயினா குடு மாப்ள!” என்றான் அவன் கூட்டாளி.

ஐஸ் உருகும்போது உள்ளே தண்ணீர் அலைகிறது, அதுதான் அப்படித் தெரிகிறது என்று நான் விளக்கம் கொடுத்தேன். என் விளக்கத்துக்குத்தான் அன்றைக்குப் பெரிய சிரிப்பு. வசவைத் தாங்கிக்கொண்டு வியாபாரம் செய்யலாம் ஐயா. சிரிப்பைத் தாங்கிக்கொண்டு செய்ய முடியாது. வாடிப்பட்டிச் சந்தையில் ஒருமுறை ஊரே என் அப்பாவைப் பார்த்துச் சிரித்தது; அப்புறம் அவர் துண்டுக்குள் யாரும் கை நீட்டவில்லை.

சாயங்காலம் ஜலாலிடம் கொஞ்சம் அபின் நீட்டினேன். லைசென்ஸ் கடையில் வாங்கியது, ரசீதுகூட இருக்கிறது.

“அய்யே, ஹராம்ணே அது. நேர்த்தி இருக்குற ஒடம்பு.”

நான் வற்புறுத்தவில்லை. ஒருவன் வேண்டாமென்று சொன்னதை மறுபடி அவன் முகத்துக்கு எதிரே நீட்டுவது அழகல்ல. மறுநாள் காலையில் அவன் மனசு நோகாதபடி டீயில் கரைத்துக் கொடுத்தேன். வெல்லம் தூக்கலாகப் போட்டு, கசப்புத் தெரியாமல்.

“இன்னைக்கு டீ ரொம்ப நல்லாருக்குண்ணே. ஒடம்பு சும்மா மெதக்குது” என்றான். நான் கொடுத்ததை இத்தனை சந்தோஷமாக வாங்கிக்கொண்ட வாடிக்கையாளர் எனக்கு அதுவரை இருந்ததில்லை.

நடுக்கம் நின்றது. நடுக்கம் என்பது உடம்பு தனக்குத்தானே மூட்டிக்கொள்ளும் அடுப்பு, அதை நான் அணைத்துவிட்டேன் என்று உங்கள் டாக்டர் சொல்கிறார். அவ்வளவு சாஸ்திரம் எனக்குத் தெரியாது. முந்தின நாளைவிடக் கை அதிகம் சில்லிட்டிருந்தது என்பது மட்டும் தெரியும். பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தானே.

அடுத்த நாள் அழகர் ஆற்றில் இறங்கினார். விடியற்காலைக் கூட்டம் முழுவதும் சாமியைப் பார்த்த கையோடு மணலில் நின்றது. பத்து மணி வெயிலில் அம்புட்டுப் பேருக்கும் ஒரே ஒரு குளிர்ந்த இடம் என் கூடாரம். வரிசை பாலத்தைத் தொட்டது. அன்றைக்கு டீயில் இரட்டைப் பங்கு.

முதல் காட்சி முடிந்ததும் ஜலால் கையை மூடினான். வெளியே வர வேண்டும் என்கிறான். பாளங்களை எடுத்து, அவனைக் காயவைத்து, மறுபடி அடுக்க அரைமணி நேரம் ஆகும். நான் அவன் மூடிய கையைப் பிரித்து மூன்று விரலைப் பிடித்தேன். அவன் என்னுடைய ஒரு விரலைப் பிடித்தான். நான் இரண்டு. அவன் மறுபடி ஒன்று, மெதுவாக. நான் மறுபடி இரண்டு. கொஞ்ச நேரம் யோசித்தான். கையை உருவவில்லை. இரண்டில் முடிந்தது.

வாய் மட்டும் ஜனங்களிடம் பேசிக்கொண்டே இருந்தது. அமெரிக்காவில் தார்க் குட்டையில் விழுந்த கதையைச் சொன்னேன். நல்ல வரவேற்பு.

மூன்றாம் காட்சி முடிந்ததும் கையை மூடப் பார்த்தான். விரல்கள் பாதி மடங்கி நின்றன. முழுசாக மூடாத கையை மூடிய கை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு விரலைப் பிடித்தேன். இன்னும் ஒன்றே ஒன்று. அதைவிடக் குறைத்துக் கேட்க முடியாது. அவனும் ஏதோ சொல்ல வந்தான். சுட்டுவிரல் என் உள்ளங்கையில் ஒரு தரம் அசைந்தது. ஒன்று என்று சொன்னான் என்று எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்பதற்கு விரல் பாஷையில் தனியாக ஒரு சைகை கிடையாது ஐயா. கையை உருவுவது மட்டும்தான்.

சுந்தரம்மாள் திரையை விலக்கித் தலையை நீட்டினாள்.

“அண்ணே, அந்த மனுசன் காலையில உள்ள போனவரு, ஒண்ணுக்குக்கூட வெளிய வரலையே.”

“வருவான் போ.”

“வாரேன்னு சொன்னாரா?”

“கையக் குடுத்திருக்கான் சுந்தரம்மா. நீ வாசலப் பாரு.”

என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனாள். உங்களிடம் முதலில் வந்து சொன்னது அவள்தான் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் இல்லை.

நான்காம் காட்சியின் நடுவில், பனி மலை உடைந்த இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவன் விரலைப் பிடித்துப் பார்த்தேன். பதில் இல்லை. மணிக்கட்டில் விரலை வைத்தேன். மாட்டின் காதைத் தொட்டே காய்ச்சல் சொல்கிற கை இது, அப்பா கொடுத்தது. ஏமாந்ததில்லை. இப்போது விலைக்கு வந்துவிட்டோம். உங்கள் கேள்விக்குப் பதில்: நான்காம் காட்சி, உச்சிப்பொழுது. அதற்குப் பிறகு ஐந்து காட்சிகள் நடத்தினேன்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கப் போகிறீர்கள். நானும் என்னைக் கேட்டேன். செத்தவனுக்கு இனிமேல் குளிரப் போவதில்லை. வெளியே நின்றவர்கள் வெயிலில் நின்றார்கள், கைக்குழந்தைகள் வேறு. தவிர, கை என் கையில் இருந்தது, உருவவில்லை. உருவாத கைக்கு எங்கள் தொழிலில் என்ன அர்த்தம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அந்த ஐந்தும் போல ஒரு காட்சி நான் நடத்தியதில்லை. மூச்சுப் படிந்து ஐஸ் மங்குவது இல்லை. ஒரு காலேஜ் பையன் கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு முழுசாக ஐந்து நிமிஷம் கண்கொட்டாமல் பார்த்தான். கடைசியில் தொப்பியைக் கழற்றினான். ஆறாம் காட்சிக்குக் கண்ணுச்சாமி வாத்தியாரே வந்தார். ஜன்மத்தில் முதல் தடவையாக என்னிடம் காசு கொடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, நிமிர்ந்து பார்த்தார்.

“தத்ரூபமா இருக்கு சோணைமுத்து. செத்த மிருகம்னா இப்படித்தான் இருக்கும். வால் ஒண்ணுதான் தப்பு.”

எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், எழுதாவிட்டால் நான் நல்லவன் மாதிரி ஆகிவிடும்.

எட்டாம் காட்சிக்கு ஜெயினம்பு வந்தாள். ஜலாலின் மனைவி. கையில் தூக்குச் சட்டி, இடுப்பில் மகள். ஐந்து வயசு இருக்கும். அந்தக் காய்ச்சல் பிள்ளைதான். சுந்தரம்மாள் அவர்களை முன்வரிசைக்கு அனுப்பியிருந்தாள்.

ஜெயினம்பு ஐஸுக்குள் உற்றுப் பார்த்தாள். முக்காட்டை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“எப்புடி அசையாமக் கெடக்காக பாருங்கண்ணே. வீட்டுல ஒரு நிமிசம் இப்புடிக் கெடந்ததில்ல. சோறு கொண்டாந்தேன், இப்பக் குடுக்கவா?”

“காட்சி நடக்குதும்மா. முடியட்டும்.”

“சரிண்ணே. சூடாச் சாப்புடச் சொல்லுங்க.”

சட்டியை என் முக்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். கூட்டம் பின்னாலிருந்து நெருக்கியது. பிள்ளை மட்டும் போக மாட்டேன் என்று பாளத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டது. ஜில்லென்றதும் கையை எடுத்தது, மறுபடி வைத்தது.

“அத்தா” என்று கூப்பிட்டது. “அத்தா, சாயந்தரம் வீட்டுக்கு வருவியா?”

கூடாரத்தில் எல்லோரும் சிரித்தார்கள். இது வேறு சிரிப்பு. பிள்ளை பதிலுக்காக நின்றது. அதன் கீழுதடு கோணுவதைப் பார்த்தேன். நான் கல்நெஞ்சன் இல்லை ஐயா. துண்டுக்கு அடியில் அவன் கையை லேசாக என் பக்கம் இழுத்தேன். தோள் அசைந்தது. ஐஸுக்குள் புலி மெதுவாக ஒரு தரம் தலையாட்டியது.

“தலையாட்டுச்சும்மா! அத்தா வாரேன்னு சொல்லிருச்சு!” என்று தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பிள்ளை சிரித்தபடியே போனது.

அந்தப் பிள்ளையை நான் ஏமாற்றிவிட்டேன் என்று சுந்தரம்மாள் சொன்னாளாம். அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. காட்சிகள் முடிந்ததும் நானே பாளங்களை எடுத்து, பெயிண்டைத் துடைத்து, புது வேட்டியில் சுற்றி, ஒரு வண்டி பிடித்து, பொழுது சாயும் முன்னே அவனை வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். சொன்ன சொல் தவறவில்லை.